படத்தில் மட்டும் மனைவி

திருப்பூர் மாவட்ட உறவுப் பதிவகத்தின் மூன்றாம் எண் மேசைக்குக் 'காட்சித் திருத்தம்' என்று பெயர். பதினான்கு வருடமாக அந்த மேசையில் உட்கார்ந்திருந்த நிறைமதிக்கு, மனிதர்கள் எதற்கெல்லாம் கோபித்துக்கொண்டு வருவார்கள் என்பது ஓரளவு பழகிப்போயிருந்தது. ஆனாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை காலை கிருத்திகா என்ற அறுபத்து மூன்று வயது அம்மாள் வந்து சொன்ன காரணம் அவளுக்குப் புதிதாக இருந்தது.

"ஏனுங் அம்மணி, எங்கூடு என்னைய 'உள்ளடக்கம்'னு சொல்லுதுங்க," என்றாள் கிருத்திகா. "அதுவும் அவிநாசியில இருந்து வந்த எஞ் சிநேகிதி முன்னால, வாசல்ல வெச்சு."

நடந்தது இதுதான். சிநேகிதி கீர்த்தனா வாசலில் வந்து நின்றாள். கதவைத் திறக்கச் சொல்லி வீட்டாளிடம் கிருத்திகா சொன்னாள். வீட்டாள் என்பது ஊரில் எல்லார் வீட்டிலும் இருக்கிற இயந்திரம்தான். கதவு, விளக்கு, மின்விசிறி, சமையல் எல்லாம் அதன் பொறுப்பு. அது மிகவும் பணிவாக, "உரிமையாளர் குளித்துக்கொண்டிருக்கிறார். வந்ததும் கேட்டுச் சொல்கிறேன்," என்றது. "அப்ப நான் யாரு?" என்று கிருத்திகா கேட்டாள். "நீங்கள் திரு. மோகன்ராஜ் அவர்களின் உள்ளடக்கம்," என்றது வீட்டாள்.

"அவரு குளிக்கப் போனா முக்கா மணி நேரமாகும். அது வரைக்கும் கீர்த்தனா வெயில்ல நின்னா. உள்ள இருந்து நானும் சன்னல் வழியாப் பேசிட்டு நின்னேன்."

நிறைமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு அந்தக் குடும்பத்தின் படத்தைத் திரையில் திறந்தாள். மோகன்ராஜ் என்று எழுதிய பெரிய நீலப் பெட்டி. அதன் இடது கீழ் மூலையில் கிருத்திகா என்று ஒரு சின்னப் பெட்டி.

கிருத்திகா எட்டிப் பார்த்தாள். "சோத்து டப்பாவுக்குள்ள ஊறுகாக் கிண்ணம் வெச்ச மாதிரியல்லங்க இருக்குது."

"அம்மா, உறவுங்கிறது 'மாதிரி'ன்னு ஒரு பதிவேட்டுல உள்ள பதிஞ்சிருக்கும். அது ஒண்ணே ஒண்ணுதான். ஆனா படத்துல அதை நாலு விதமாக் காட்டலாம். இப்படிப் பெட்டிக்குள்ள பெட்டியா வைக்கலாம். ரெண்டையும் பக்கத்துல வெச்சு நடுவுல கோடு போடலாம். கோடே இல்லாம, பெட்டியோட மூலையில 'மனைவி இன்னார்'னு சின்னதா ஒரு குறி எழுதலாம். மறைச்சும் வைக்கலாம். எப்படிக் காட்டினாலும் உறவு அதேதான்."

"உறவு அதேன்னா வீடு எதுக்கு என்னைய இந்தப் பேச்சுப் பேசுது?"

"வீட்டாளுக்கு உள்ள பதிஞ்சதைப் படிக்கத் தெரியாதும்மா. அது படத்தை மட்டுந்தான் பார்க்கும். வெளிப்பெட்டின்னா உரிமையாளர், உள்பெட்டின்னா உள்ளடக்கம்."

கிருத்திகா முப்பது வருடம் ஒரு பனியன் கம்பெனியில் துணி பரிசோதிக்கிற வேலை பார்த்தவள். "புரியுதுங்க," என்றாள். "ஒரே நூல்தான். துணியோட மேல்பக்கம் ஒரு மாதிரி தெரியும், திருப்புனா வேற மாதிரி தெரியும். எனக்குக் கோடு போட்டுக் குடுத்துருங்க."

நிறைமதி 'கோடு' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். சின்னப் பெட்டி நழுவி வெளியே வந்து பெரிய பெட்டிக்குப் பக்கத்தில் நின்றது. கோடு மட்டும் வரவில்லை. இன்னொரு தரம் அழுத்திப் பார்த்தாள். அப்போதும் வரவில்லை. பதிவகத்தின் இயந்திரங்கள் காலை நேரத்தில் மந்தமாகத்தான் இருக்கும். கிருத்திகாவுக்குப் பின்னால் இருபது பேர் நின்றார்கள். நிறைமதி திரையில் எழுதும் பேனாவை எடுத்து, இரண்டு பெட்டிக்கும் நடுவே தன் கையாலேயே நேராக ஒரு கோடு இழுத்தாள். அப்படிச் செய்யக் கூடாது என்று விதி எதுவும் இல்லை. செய்யலாம் என்றும் இல்லை.

அடுத்த திங்கட்கிழமை கிருத்திகா கணவனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மோகன்ராஜ் சாயப்பட்டறையில் பாய்லர் பார்த்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்ற ஆள். மூன்று நாளாக நல்ல சாப்பாடு சாப்பிடாத முகம்.

"எங்களுக்குச் சரிசம உரிமையாமுங்க," என்றார். "அதனால எதுக்கும் ரெண்டு பேரும் ஒண்ணாச் சொல்லோணுமாம். எனக்கு ஃபேன் அஞ்சுல வெக்கோணும், இவளுக்கு ரெண்டுல. ஃபேனே ஓடறதில்லீங்க. எனக்குச் சாம்பாரு, இவளுக்கு ரசம். அடுப்பே பத்தறதில்ல. பன்னும் பழமுமாத் தின்னுட்டுக் கெடக்கறோம்."

"ஒருத்தர் விட்டுக் குடுத்திருக்கலாமே ஐயா?"

"அதைத்தானுங்க நானும் இவகிட்டச் சொன்னேன்."

"அதைத்தானுங்க நானும் அவருகிட்டச் சொன்னேன்," என்றாள் கிருத்திகா.

பழையபடி உள்ளேயே போட்டுவிடலாம் என்பது மோகன்ராஜின் யோசனை. கிருத்திகா தலையை ஆட்டி மறுத்தாள். "வேணும்னா ஒரு வாரம் அவரு எம் பெட்டிக்குள்ள இருந்து பாக்கட்டும்."

மோகன்ராஜ் பெரிய மனது பண்ணிச் சிரித்தார். "இருந்துட்டாப் போச்சு. படந்தானுங்களே." கையெழுத்துப் போட்டார். நிறைமதி கிருத்திகாவின் பெட்டியைப் பெரிதாக இழுத்து, அதற்குள் அவரைக் கொண்டுபோய் வைத்தாள்.

ஒரு வாரம் ஆகவில்லை. நான்காம் நாள் பதிவகம் திறப்பதற்கு முன்பே மோகன்ராஜ் படியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்திருக்கவில்லை.

"ரெண்டாவது காப்பி கேட்டேனுங்க. உரிமையாளர்கிட்டக் கேட்டுச் சொல்றேன்னுச்சு. சரி போகட்டும்னு விட்டேன். நேத்து அவ அவிநாசிக்குப் போயிட்டா. நான் பேப்பர் வாங்க வெளிய வந்தேன். திரும்பிப் போனா கதவு தெறக்கல. உரிமையாளர் வெளிய போயிருக்காங்க, அவங்க வர்ற வரைக்கும் பொருள் எதையும் உள்ள வாங்க அனுமதியில்லன்னு சொல்லுது."

"பொருளா?"

"என்னையத்தானுங்க சொல்லுச்சு." அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்தார். "மூணு மணி நேரம் படியில ஒக்காந்திருந்தேன். பக்கத்தூட்டுல இட்லி குடுத்தாங்க. ஏனுங் அம்மணி, வீட்டாள் வந்து ஒம்பது வருசமாச்சு. ஒம்பது வருசமா அவ இப்படித்தான் இருந்தாளா?"

"ஆமாங்க ஐயா."

"ஒண்ணுமே சொல்லலீங்களே."

"சொல்லியிருப்பாங்க."

மோகன்ராஜ் யோசித்தார். "சொல்லியிருப்பா," என்றார்.

மூன்றாவது வழி ஒன்று சொன்னீர்களாமே, அது என்ன என்று கேட்டார். பெட்டிகள் தனித்தனியாக, சமமாக இருக்கும். கோடு கிடையாது. அவரவர் பெட்டியில் ஒரு குறி மட்டும் இருக்கும். வீட்டாள் யார் கேட்டாலும் செய்யும், கடைசியாகச் சொன்னவர் பேச்சு நிற்கும். அதற்கும் இருவர் கையெழுத்து வேண்டும் என்பதால் நிறைமதி கிருத்திகாவை அழைத்தாள். மதியம் மூன்று மணிக்கு இருவரும் அவள் எதிரே உட்கார்ந்தார்கள்.

அவள் 'குறி' என்பதை அழுத்தினாள். பெட்டிகள் பிரிந்து நின்றன. கிருத்திகாவின் பெட்டி மூலையில் 'கணவர்' என்று வரவேண்டிய இடத்தில், 'உறவு எதுவும் இல்லை' என்று வந்தது.

நிறைமதி படத்தை மூடித் திறந்தாள். மறுபடியும் அதேதான். பெட்டியையும் கோட்டையும் கையால் வைக்கலாம், இழுக்கலாம். குறி அப்படியல்ல. உள்ளே பதிந்திருக்கிற உறவின் பெயரைப் படித்துத்தான் குறி எழுதும். தன் கையால் இழுத்த அந்தக் கோடு ஏன் தானாக வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது.

மாதிரியைத் திறந்தாள். மோகன்ராஜுக்கு அப்பா, அம்மா, தம்பி, மகன், மகள் என்று ஐந்து உறவுகள் பதிந்திருந்தன. கிருத்திகாவுக்கு அப்பா, அம்மா, மகன், மகள். இருவருக்கும் நடுவே ஒன்றும் இல்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால், ஊரில் இருந்த குடும்பங்களையெல்லாம் ஒரே கோடையில் இயந்திரத்தில் ஏற்றியபோது எழுதிய குறிப்பு மட்டும் இருந்தது: 'படத்தில் மட்டும்.'

"என்னாச்சுங்க?" என்றாள் கிருத்திகா.

நிறைமதி தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னாள். "அம்மா, அப்ப ஒப்பந்தத்துல வந்த ஆளுங்கதான் இதை ஏத்தினாங்க. மனைவி பெட்டியை இழுத்துக் கணவர் பெட்டி மேல வெச்சதும் இயந்திரம் ஒரு கேள்வி கேட்கும். உறவை உள்ளயும் பதியணுமா, படத்துல மட்டும் காட்டினாப் போதுமான்னு. உள்ள பதியணும்னா ரெண்டு பேரோட கைரேகையும் வேணும். வீடு வீடாப் போகணும். படத்துல மட்டும்னா உடனே முடிஞ்சிரும்."

"உடனே முடிச்சுட்டாங்க," என்றாள் கிருத்திகா.

"ஆமா."

"எங்ககிட்டக் காகிதம் இருக்குதுங்களே," என்றார் மோகன்ராஜ். "மண்டபத்துல போட்டோ எடுத்திருக்குது. ரெண்டு புள்ளைங்க இருக்குது."

"காகிதச் சான்றெல்லாம் செல்லாதுன்னு சட்டம் வந்து பதினேழு வருஷமாச்சுங்க ஐயா. பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் உங்களோட உறவு இருக்குது, அம்மாவோடவும் இருக்குது. உங்க ரெண்டு பேருக்கும் நடுவுலதான் இல்லை. இதை நான் போன வாரமே பார்த்திருக்கணும். பார்க்காம கையால கோடு போட்டுட்டேன். தப்பு என்னோடது."

மோகன்ராஜ் நாற்காலியை மேசைக்கு அருகே இழுத்துப் போட்டார். அப்புறம், "இப்ப என்னங்க செய்யோணும்?" என்று கேட்டார்.

"புதுசாப் பதியணும். ரெண்டு பேரும் சம்மதம்னு கைரேகை வைக்கணும். முப்பது நாள் கெடு. அது வரைக்கும் படத்துல நீங்க ரெண்டு பேரும் தனித்தனி."

மோகன்ராஜ் அந்தக் கணமே கட்டைவிரலை நீட்டித் தகட்டில் அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. தகட்டை மனைவி பக்கம் திருப்பி வைத்தார்.

கிருத்திகா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கைப்பையின் வாரைச் சரி செய்தாள். "முப்பது நாள் இருக்குதுங்களா?" என்றாள்.

"இருக்குதும்மா."

"அப்ப யோசிச்சுச் சொல்றனுங்க."

இருவரும் வந்தது போலவே ஒன்றாகத்தான் வெளியே போனார்கள். வாசலில் மட்டும் மோகன்ராஜ் நின்று, மனைவி முதலில் போவதற்கு வழி விட்டார்.

அன்று மாலைக்குள் நிறைமதி ஒரு தேடல் போட்டுப் பார்த்தாள். 'படத்தில் மட்டும்' மணமானவர்கள் அந்த மாவட்டத்தில் பதினோராயிரத்து இருநூறு தம்பதிகள் இருந்தார்கள். பட்டியலை எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலர் ரித்தீஷின் அறைக்குப் போனாள். ரித்தீஷுக்கு முப்பத்தொரு வயது. பதவிக்கு வந்து நான்கு மாதம். வாசிக்க வாசிக்க அவர் முகம் சின்னதாகிக்கொண்டே போனது.

"மேடம், இது வெளிய தெரியணுமா?" என்றார். "ஒரே ஒரு கட்டளை. எங்கெல்லாம் பெட்டிக்குள்ள பெட்டி இருக்குதோ, அங்கெல்லாம் உள்ள உறவு உருவாக்குன்னு சொன்னாப் போதும். அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும். யாருக்கும் எதுவும் மாறாது."

"சம்மதம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க சார். அதை நிரப்பாம உறவு உருவாகாது."

"நாமளே 'ஆம்'னு நிரப்பிடலாம்."

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால அவங்களும் இப்படித்தான் நினைச்சிருப்பாங்க."

"மேடம், முப்பது நாப்பது வருஷம் குடும்பம் நடத்தினவங்க. அவங்ககிட்டப் போய்ச் சம்மதமான்னு கேட்டா சிரிக்க மாட்டாங்களா?"

நிறைமதி பட்டியலின் ஏழாம் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்துக் காட்டினாள். "இது உங்க அப்பா அம்மா பேரு இல்லீங்களா சார்?"

ரித்தீஷ் குனிந்து பார்த்தார்.

"உங்க அம்மாவுக்குப் பதிலா நீங்களே சம்மதம் நிரப்பிக் குடுங்க. மத்தவங்களுக்கு நான் நிரப்பறேன்."

அவர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். மறுபடி மூடினார். அவருடைய அம்மா எப்படிப்பட்டவர் என்று நிறைமதிக்குத் தெரியாது. ஆனால் பட்டியலை மூடிவிட்டு அவர், "அனுப்பிருங்க மேடம்," என்று சொன்ன குரலிலிருந்து ஓரளவு தெரிந்துகொண்டாள்.

பதினோராயிரத்து இருநூறு வீடுகளுக்கு அறிவிப்பு போனது. அரசு அறிவிப்புகளிலேயே அவ்வளவு சின்னதாக அதுவரை எதுவும் வந்ததில்லை. 'கீழ்க்கண்டவருடன் உங்களுக்குத் திருமண உறவு பதிவாகவில்லை. பதிய உங்களுக்குச் சம்மதமா?' கீழே கைரேகை வைக்க 'ஆம்', 'இல்லை' என்று இரண்டே கட்டங்கள்.

திருப்பூரில் அடுத்த சில வாரங்கள் விசேஷமாகக் கழிந்தன. காய்கறிச் சந்தையில் ஆண்கள் கூட்டம் பெருகியது. வெண்டைக்காயின் நுனியை உடைத்துப் பார்ப்பதா, அமுக்கிப் பார்ப்பதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். குமரன் சாலைப் பூக்கடைகளில் பத்து மணிக்கே மல்லிகை தீர்ந்தது. சங்கத் தலைவர் ஒருவர், மேடையில் பேசிக்கொண்டிருந்தவர், மனைவியிடமிருந்து அழைப்பு வந்ததும், "சொல்லும்மா," என்று ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டார்.

எல்லாம் சிரிப்பாகவும் இல்லை. முதல் நாளே 'ஆம்' என்று அழுத்தியவர்கள் ஆறாயிரம் பேர். நானூற்றுப் பன்னிரண்டு பேர் 'இல்லை' என்று அழுத்தினார்கள். அவர்களில் ஒருத்தி, ஐம்பது வயதிருக்கும், மூன்றாம் எண் மேசைக்கு வந்து, "நெசமாவே இவ்வளவுதானுங்களா? வேற எங்கயும் போக வேண்டாமுங்களா?" என்று கேட்டாள். இவ்வளவுதான் என்று நிறைமதி சொன்னாள். வந்தவள் அங்கேயே நாற்காலியில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அன்று நிறைமதி மதியச் சாப்பாட்டைப் பிரிக்கவேயில்லை.

முப்பதாம் நாள் காலை கிருத்திகா வந்தாள். நிறைமதி தகட்டைத் துடைத்து அவள் முன்னால் வைத்தாள்.

"அதுக்கு வரலீங் அம்மணி. கெடுவை நீட்டிக்கலாம்னு கேள்விப்பட்டேனுங்க."

"மூணு தடவை நீட்டிக்கலாம்மா. வீட்டுல ஏதாவது பிரச்சினையா?"

"உறவு பதியாததால வீட்டாள் இப்ப எங்க ரெண்டு பேரையும் விருந்தாளிங்குது. உரிமையாளர் இல்லாத ஊட்டுல விருந்தாளிக்குச் சமைக்க உத்தரவில்லையாம். கதவு மட்டும் தெறந்து விடுது, போகும்போது 'மீண்டும் வருக'ங்குது. அதனால நாங்களேதான் சமைக்கறோம்." கிருத்திகா குரலைத் தாழ்த்தினாள். "நேத்து அவரு ரசத்துக்குப் புளி எவ்வளவு போடோணும்னு எங்கிட்டக் கேட்டாரு. கல்யாணமான நாள்ல இருந்து அவரு எங்கிட்ட எதையுமே கேட்டதில்லீங்க. எல்லாம் சொல்லறதுதான். இப்பக் கேக்கப் பழகிட்டு வர்றாரு. நடுவுல கெடுத்துப்போட வேண்டாம். இன்னொரு மாசம் போகட்டும்."

"அப்ப உங்களுக்குச் சம்மதந்தானா?"

"அது வேற சந்தேகமா?" என்றாள் கிருத்திகா. "அவருகிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க."

விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, கீர்த்தனாவைப் பார்க்கப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கு எழப் போகும் நேரத்தில் மோகன்ராஜ் வந்தார். சட்டைக் கையில் மஞ்சள் கறை இருந்தது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்குக் கடைசி நாளுங்களே. அவ வந்தாளா?"

"ஒருத்தர் விஷயத்தை இன்னொருத்தர்கிட்டச் சொல்ல எனக்கு அனுமதியில்லைங்க ஐயா."

"சரிங்க, சொல்ல வேண்டாம். இன்னும் கைரேகை வெக்கலீன்னா, கெடுவை நீட்டிச்சுக் குடுங்கன்னு கேக்கத்தான் வந்தேன். நான் கேக்கலாமுங்களா?"

"யார் வேணாலும் கேக்கலாம். ஆனா நீங்க அன்னைக்கே கைரேகை வெச்சுட்டீங்களே. உங்களுக்கு எதுக்கு?"

மோகன்ராஜ் கறையைக் கட்டைவிரலால் தேய்த்தார். "ரெண்டு பேரும் அடுப்படியில நிக்கறோமுங்க. அவ வெங்காயம் அரியறா, நான் கலக்கறேன். சும்மா எப்படி நிக்கறது? பேசறா. கம்பெனியில ஒரு சூப்பர்வைசர் அவளப் படுத்துனது, பையன் பொறக்கறப்ப நான் பட்டறையில இருந்துட்டு வராமப் போனது, எல்லாஞ் சொல்லறா. திட்டும் விழுகுது. ஆனா பேசறா. நான் ஒரு மாசத்துல தெரிஞ்சுக்கிட்டது முப்பத்தாறு வருசத்துல தெரியாது. நாளைக்கே சம்மதம் குடுத்துட்டாள்னா வீட்டாள் சமைக்கும். அவ டிவி முன்னால ஒக்காருவா, நான் பேப்பரைப் பிரிச்சுக்குவேன்." அவர் நிமிர்ந்தார். "நான் கேட்டேன்னு அவளுக்குத் தெரிஞ்சா மாறிருவா. சொல்லிப்போடாதீங்க அம்மணி."

அவரும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். எழுந்து போகும்போது, ரசத்துக்கு மிளகை எண்ணெயில் வறுத்துப் பொடிக்க வேண்டுமா, அப்படியேவா என்று கேட்டார். அப்படியே பொடிக்கலாம் என்று நிறைமதி சொன்னாள். அவர் அதைப் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

நிறைமதி இரண்டு விண்ணப்பங்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவர்களுடைய பதிவைத் திறந்தாள். கெடுவை நீட்டித்தால் இருவருக்கும் கடிதம் போகும். யார் கேட்டு நீட்டித்தது என்று அதில் அச்சாகும். 'கோரியவர்' என்ற கட்டத்தில் கிருத்திகா என்று எழுதி அழித்தாள். மோகன்ராஜ் என்று எழுதி அழித்தாள். இருவரும் என்று எழுதி, அதையும் அழித்தாள்.

கடைசியில், 'நிர்வாகக் காரணங்களுக்காக' என்று எழுதி, முப்பது நாள் நீட்டித்து அனுப்பினாள்.